மானநட்டத்துக்குப் பரிகாரம்: கோரிக்கைக் கடிதமா, மத்தியஸ்த சபையா, மாவட்ட நீதிமன்றமா?

கோயில் நிர்வாகசபைப் பொருளாளர் ஒருவரை, "கணக்கில் கை வைத்தவர்" என்று உப்புவெளி வாட்ஸ்அப் குழுவொன்றில் யாரோ பொய்யாக எழுதிவிட்டார் என்று வையுங்கள். திருமலையில் பலர் உடனே பொலிசுக்குத்தான் ஓடுவார்கள். ஆனால் அவதூறைக் குற்றமாக்கிய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டன. மிரட்டலும் சேர்ந்திருந்தால் வேறு கதை. (இணையப் பதிவுகள் பற்றிய 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இதற்குள் இழுக்கவில்லை, அதற்குத் தனி அலசல் வேண்டும்.)

சரி, மிச்சம் மூன்று வழி.

என்னைக் கேட்டால், முதலில் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். அதில் வெறுமனே காசு கேட்டு நிறுத்தாதீர்கள். எழுதியதை அழிக்க வேண்டும், அதே குழுவில், எழுதியவருடைய பெயரிலேயே, "நான் எழுதியது பொய்" என்று திருத்தம் போட வேண்டும், இனி எழுதமாட்டேன் என்று உறுதி தர வேண்டும் என்று சொல்லுக்குச் சொல் கேளுங்கள். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்பதெல்லாம் மன்னிப்பே இல்லை, அதை ஏற்றுக்கொண்டால் பழி அப்படியே நிற்கும். ஒரு குறை, கடிதத்தை அவர் கிழித்துப் போட்டாலும் கேட்க ஆளில்லை.

மத்தியஸ்த சபை, இரு தரப்பையும் பேசி இணங்க வைக்க 1988இன் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. செலவு மிகக் குறைவு, சட்டத்தரணிகள் வாதாட முடியாது, ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யலாம். நாளைக்கும் ஒரே தெருவில் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு நல்ல இடம். ஆனால் சபை தீர்ப்பு எழுதாது. மற்றவர் இணங்காவிட்டால் இணக்கமில்லை என்று ஒரு சான்றிதழ்தான் கிடைக்கும். இணங்கினாலும் அந்த அறைக்குள் சமாதானம் ஆனது குழுவிலுள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்? திருத்தம் எங்கே, எப்போது போடப்படும் என்பதை இணக்கப் பத்திரத்திலேயே எழுத வையுங்கள்.

மாவட்ட நீதிமன்றம் நட்டஈடு தரும், ஆனால் தவணை மேல் தவணையாக ஆண்டுகள் போகும். ஒல்லாந்தர் காலத்தில் வந்து இன்றும் இங்கே செல்லுபடியாகும் ரோமன் டச்சுச் சட்டம் நமக்குச் சாதகமானது: "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது மட்டும் எதிராளியைக் காப்பாற்றாது, சொன்னது பொதுநலனுக்காகவும் இருந்திருக்க வேண்டும். பேச்சால் பிழைப்பே போன கடைக்காரர், பிள்ளைகள் நின்றுபோன டியூஷன் ஆசிரியர் போன்றவர்கள் தயங்காமல் இந்த வழிக்குப் போகலாம். வழக்குப் போட 2 வருடம்தான் காலம். சமாதானம் பேசிப் பேசியே அதைக் கடத்திவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அழிக்கப்படுவதற்கு முன் திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பிழை விட்டவரின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டு அவதூறுச் சட்டப்படி, திருத்தம், மன்னிப்பு, நட்டஈடு மூன்றையும் எழுத்தில் முன்வைத்து, மற்றவர் ஏற்றுக்கொண்டால் வழக்கு அத்தோடு நிற்கும். நம்மிடம் மன்னிப்பு நட்டஈட்டுத் தொகையைக் குறைக்கலாம், வழக்கை நிறுத்தாது. அதனால்தான் "மன்னிப்புக் கேட்டால் மாட்டிக்கொள்வாய்" என்று பயம் காட்டுகிறார்கள். அதற்கும் வழி உண்டு. சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையை வெளிப்படையாகப் போட்டுப் பேச்சைத் தொடங்கலாம், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வழக்குப் போடமாட்டேன் என்ற உடன்பாட்டில் இருவரும் கையெழுத்திட்டபின், திருத்தத்தைக் குழுவில் போடலாம்.