எடிட் செய்த படம் யாருடைய திறமை?

படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் "எடிட் பண்ணியதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம் என்றதும் "அதானே பார்த்தேன்" என்பார்கள். அந்த "அதானே"யில் ஒரு தீர்ப்பே இருக்கிறது: கேமராவில் எடுத்தது திறமை, கணினியில் செய்தது பூசி மெழுகல். இதற்கு நேர் எதிரான கோஷ்டியும் உண்டு. "எப்படியாவது எடுத்து வை, அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்பது அவர்கள் மந்திரம். நான் இரண்டு கோஷ்டியிலும் சில வருடங்கள் இருந்தவன். இரண்டிலும் அடி வாங்கியவன் என்றும் சொல்லலாம்.

கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் ஃபைல், சென்சார் பதிந்த விவரத்தை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்துப் பிறகு நாமே பதப்படுத்துவது, வானத்தையே மாற்றி ஒட்டுவது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் "எடிட்டிங்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதால்தான் இந்தச் சண்டை ஓய்வதில்லை.

கை படாத படம் என்று ஒன்று உண்டா

ஜேபெக் கோஷ்டியின் பெருமை, "கேமராவிலிருந்து வந்தது வந்தபடி" என்பது. ஆனால் ஒளியைப் பதியும் சென்சாரில் நடப்பது வேறு. பெரும்பாலான கேமராக்களில், சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். ஒவ்வொரு புள்ளிக்கும் இல்லாத மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா ஊகித்துக்கொள்கிறது. நாம் பார்க்கும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணக்குப் போட்டு வந்தது.

அதோடு விடுவதில்லை. ஒயிட் பேலன்ஸ் (ஒளிக்கேற்ற நிறச் சமன்), கான்ட்ராஸ்ட், ஷார்ப்னெஸ் எல்லாம் கேமராவே பார்த்துக்கொள்கிறது. 14 பிட் ரா ஃபைலில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள் இருக்கும். ஜேபெக்கில் மிஞ்சுவது 256. மீதியை நம்மிடம் கேட்காமலேயே தூக்கி எறிந்துவிடுகிறது. ஆக, ஜேபெக் எடுப்பவர் எடிட்டிங்கைத் தவிர்க்கவில்லை. முகம் தெரியாத ஒரு பொறியாளரின் ரசனைக்கு அதை விட்டுக்கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். மொபைலில் எடுப்பவரோ இன்னும் ஒரு படி மேலே: பட்டனைத் தொட்டது ஒரு முறைதான் என்றாலும், பல ஃபிரேம்களைச் சேர்த்துத்தான் பெரும்பாலும் ஒரு படம் கிடைக்கிறது.

"அந்தக் காலத்தில் ஃபிலிம் போட்டு எடுத்தார்களே, அப்போது ஏது எடிட்டிங்?" என்ற கேள்வி அடுத்து வரும். போட்டோஷாப் 1990-ல் வந்தது. புகைப்படக்காரர் ஆஸ்கர் ரெயிலாண்டர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படம் செய்தது 1857-ல். அதே காலத்தில் குஸ்தாவ் லு கிரே என்ற இன்னொரு புகைப்படக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்துச் சேர்த்தார். அதில் ஏமாற்றும் நோக்கம் இல்லை. அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கும். கடலுக்குச் சரியாக எக்ஸ்போஸ் செய்தால், அதாவது கடலுக்குத் தேவையான அளவு ஒளியை உள்ளே விட்டால், வானம் வெறும் வெள்ளையாகிவிடும்.

இரண்டு கோஷ்டியும் சொந்தம் கொண்டாடும் ஒரு படம்

இந்த விவாதத்துக்கு எனக்குப் பிடித்த சாட்சி அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவுதயப் படம். காரில் போய்க்கொண்டிருந்தவர் அந்தக் காட்சியைக் கண்டு பிரேக் போட்டார். கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில், பின்னால் நிலவு. பெரிய கேமராவை அவசரமாக நிறுத்தினார். லைட் மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை. நிலவின் பிரகாச அளவு அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்காக எக்ஸ்போஷர் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. கேமராக் கோஷ்டி மார்தட்ட இதைவிட நல்ல கதை கிடையாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முன்பக்கம் மங்கலாக இருந்த அந்த நெகட்டிவ், பிரிண்ட் போட மகா தொல்லை கொடுத்தது. 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அழுத்தம் கூட்டினார். பிறகு பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள். ஒவ்வொன்றிலும் டாட்ஜிங், பர்னிங்: அதாவது தாளின் சில இடங்களில் ஒளி விழாமல் கையால் மறைப்பது, சில இடங்களில் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுக்க வைப்பது. ஆரம்பகாலப் பிரிண்ட்களில் மேல்வானத்தில் மேகங்கள் லேசாகத் தெரியும். பிற்காலத்தியவற்றில் அந்த வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நமக்கு நினைவில் நிற்பது அந்தக் கறுப்பு வானம்தான். நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் அதை வாசித்துக் காட்டுவது என்று அவரே சொல்லிவந்தார்.

எதிர்த்தரப்புக்கு பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெசோனைச் சொல்வார்கள். கிராப் செய்வதை (எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டுவதை) அவர் விரும்பியதில்லை, இருட்டறையில் ஆர்வமும் இல்லை. உண்மைதான். ஆனால் அவருடைய பிரிண்ட்களை வேறொருவர் அக்கறையோடு போட்டுக்கொடுத்தார். தண்ணீர்த் தேக்கத்தைத் தாண்டிக் குதிக்கும் மனிதனை அவர் 1932-ல் எடுத்தாரே, அந்தப் படம் கிராப் செய்யப்பட்டது. வேலி இடுக்கில் கேமராவை நுழைத்து எடுத்ததால் ஓரத்தை வெட்ட வேண்டியதாகிவிட்டது.

ஒரே க்ளிக், இரண்டு ஃபைல்

சரி, பெரியவர்கள் கதை போதும். என் பெரியப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். வெள்ளைச் சட்டை, முகத்தின் ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் இருட்டு. ஒரே க்ளிக்கில் ராவும் ஜேபெக்கும் சேமிக்கும்படி வைத்திருந்தேன்.

ஜேபெக்கில் சட்டைக் காலர் வெறும் வெள்ளைத் திட்டு. வெளிச்சமான இடங்களை அடக்கும் ஹைலைட் ஸ்லைடரை இழுத்தேன். வெள்ளை சாம்பலாக மாறியது, நூலிழை ஒன்றுகூட வரவில்லை. இருண்ட கன்னத்தை வெளிச்சமாக்கினால் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாகக் கிளம்பியது. ரா ஃபைலில் அதே ஸ்லைடருக்குக் காலர் தையல் எழுந்து வந்தது. கன்னத்தை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) ஏற்றினேன், சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆகா என்று இருந்தது.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் முகம் அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது. அந்த இருட்டுதான் படமே என்று அப்போதுதான் உறைத்தது. ஏற்றியதில் பாதியை இறக்கினேன். தலையைச் சுற்றி மாஸ்க் (எந்தப் பகுதியை மட்டும் மாற்ற வேண்டும் என்று மென்பொருளுக்குக் காட்டும் எல்லை) சரியில்லாமல் மெல்லிய வெள்ளை வளையம் விழுந்திருந்தது, அதையும் சரிசெய்தேன். மொத்தம் நாற்பது நிமிடம். இன்று அதே வேலையை நான்கு நிமிடத்தில் செய்வேன். மென்பொருள் மாறியது ஒரு காரணம். எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது பெரிய காரணம். ஸ்லைடரை இழுப்பது யாருக்கும் வரும். இழுத்ததைப் பாதி திருப்பிக்கொண்டு வருவதைத்தான் நான் திறமைக் கணக்கில் சேர்ப்பேன். யாரோ விற்கும் ப்ரீசெட்டை, அதாவது தயாராகக் கிடைக்கும் எடிட் அமைப்பை, எல்லாப் படத்துக்கும் அடித்து விடுவதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுத்திருந்தால் காலர் ஜேபெக்கிலேயே தப்பித்திருக்கும். டிஜிட்டலில் முழு வெள்ளையாகிப்போன இடத்தில் தகவலே இருக்காது. இருட்டில் ஓரளவு ஒளிந்திருக்கும். நெகட்டிவ் ஃபிலிமில் இது தலைகீழ். எந்த இடத்தைப் பின்னால் மீட்கலாம், எதை மீட்க முடியாது என்று தெரிந்தவர் ஷட்டரை அழுத்தும் விதமே வேறு. எடிட்டிங் தெரிந்த பிறகுதான் நான் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பார்க்கவே ஆரம்பித்தேன். இரண்டு திறமைகளையும் தனித்தனித் தட்டில் வைத்து எடை போடுவதில் இதுதான் சிக்கல்: இதில் கற்றது அதில் போய் வேலை செய்கிறது.

ஆனாலும் இரண்டும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, நீங்கள் எங்கே நின்றீர்கள், அந்த ஆள் திரும்பிய நொடியில் அழுத்தினீர்களா, அதற்கு முன்னாலா பின்னாலா? இவற்றுக்கு ஸ்லைடர் கிடையாது. பின்னாலிருக்கும் மலை பெரிதாகத் தெரிவதும் சிறிதாகத் தெரிவதும் நீங்கள் நின்ற தூரத்தைப் பொறுத்தது. கிராப் செய்து அதை மாற்ற முடியாது.

வானத்தை மாற்றுகிறவர்கள்

மூன்றாவது வழியை நான் கீழாகப் பார்ப்பதில்லை. நன்றாகச் செய்ய ஓவியர் கண் வேண்டும். இல்லாவிட்டால் மாற்றிய வானத்தில் சூரியன் இடப்பக்கம் இருக்கும், தரையில் நிழலும் இடப்பக்கமே சாய்ந்திருக்கும். மேலே செவ்வானம், கீழே குளத்தில் பழைய நீல வானமே பிரதிபலிக்கும். இதையெல்லாம் கவனித்துச் சரிசெய்கிறவர் கெட்டிக்காரர்தான். அது வேறு கலை என்பது மட்டுமே என் வாதம். அதைப் படம் பிடித்ததாகச் சொல்லும்போதுதான் சிக்கல்.

கோடு எங்கே விழுகிறது என்று பார்க்க 2010-ல் செய்திப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் பரிசு பறிபோன ஒரு படம் போதும். வண்ணத்தில் எடுத்த படத்தின் பெரும்பகுதியை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, சொரசொரப்பு ஏற்றியிருந்தார்கள். அதற்கெல்லாம் பரிசு போகவில்லை. ஓரமாகத் தெரிந்த ஒருவரின் காலில் துளியூண்டை அழித்ததற்குப் போனது. முதலில் கேட்டபோது எனக்கு அபத்தமாகப் பட்டது. யோசித்தால் நியாயம்தான்: இருந்ததை இருட்டாக்குவது விளக்கம் சொல்வது போல, இருந்ததை இல்லையென்பது பொய் சாட்சி. 2015-ல் அதே போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் சுமார் 20 சதவீதம் இப்படி வெளியேறின. அதே ஆண்டு ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ரா ஃபைலிலிருந்து பதப்படுத்திய படங்களை அனுப்ப வேண்டாம், கேமரா ஜேபெக்கையே அனுப்புங்கள் என்று வெளிப் புகைப்படக்காரர்களுக்குச் சொல்லிவிட்டது. செய்திப் படத்துக்கு அது சரியான விதி. இயற்கைக் காட்சி எடுப்பவருக்கு அதைப் போட்டால் கையைக் கட்டிப்போட்ட மாதிரி.

எடிட்டிங் இல்லாவிட்டால் எல்லாம் நேர்மை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2009-ல் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் விருது வாங்கிய படத்தில் ஓநாய் ஒன்று மரக் கேட்டைத் தாண்டிக் குதிக்கும். அது பழக்கிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து, சில மாதங்களில் விருதைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே குற்றச்சாட்டு எடிட்டிங் பற்றியதே அல்ல. பித்தலாட்டம் லென்ஸுக்கு முன்னாலேயே நடந்திருந்தது.

செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுக்கும் படங்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. ஒளியே விழாத படத்தைப் புகைப்படம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதிதாகக் கற்பவர் கேட்டால் முதல் சில மாதம் ஜேபெக்கில் மட்டும் எடுக்கச் சொல்வேன், தப்பைப் பின்னால் மறைக்க வழியில்லாமல் இருக்கட்டும் என்று. அப்புறம் ராவுக்கு மாறலாம், பழைய தப்புகள் எல்லாம் ஏன் நடந்தன என்று அங்கேதான் பிடிபடும்.

பெரியப்பா படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிழலையும் சுருக்கத்தையும் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஏண்டா, சட்டையில் மேல் பொத்தான் விழுந்திருக்கே, எடுக்கும்போதே சொல்லக்கூடாதா?" என்றார். வ்யூஃபைண்டரிலும் நான் பார்க்கவில்லை, 200 சதவீதம் பெரிதாக்கி நாற்பது நிமிடம் காலர் தையலை மேய்ந்தபோதும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுத்த பொத்தானை நகல் எடுத்து மேலே ஒட்டி, நிழல் சரிபார்த்து, புது பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அது அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பொத்தான்தான்.