ஆசிரியர் லீவு, 9 ‘பி’ வகுப்பு, 40 நிமிடம்: எது கைகொடுக்கும்?

காலை பிரேயர் முடிந்ததும், லீவு போட்ட ஆசிரியரின் வகுப்புக்கு யார் போக வேண்டும் என்று எழுதிய சப்ஸ்டிடியூஷன் நோட்டு வரும். மூன்றாவது பீரியட், 9 ‘பி’ என்று எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த வகுப்புக்கு நாம் பாடம் எடுப்பதில்லை, ஒரு பிள்ளையின் பெயரும் தெரியாது. வாசலில் கால் வைக்கும்போதே “சார், கிரவுண்டுக்கு விடுங்க சார்” என்று வகுப்பே கேட்கும். தற்காலிகக் கணித ஆசிரியராக இருந்த காலத்தில் இந்த ஒரு பீரியடைப் பல விதமாக நடத்திப் பார்த்திருக்கிறேன்.

பலரும் செய்வது, “சத்தம் போடாம படிங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது. லீடர் சாக்பீஸை எடுத்து ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுவிடுவான். முதல் பத்து நிமிடம் அமைதி இருக்கும். அப்புறம் பாருங்கள்: பெயர் எழுதப்பட்டவன் ‘இனிமேல் என்ன’ என்று தாராளமாகப் பேசுவான். லீடரின் நண்பன் எவ்வளவு பேசினாலும் பெயர் ஏறாது. அதை மொத்த வகுப்பும் கவனிக்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கடைசியில் என்ன செய்வது? வெளியே முட்டி போட வைப்பதா? உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பெயர் தெரியாத பிள்ளையை முதல் சந்திப்பிலேயே தண்டித்தால் அடுத்த முறை அந்த வகுப்பு நம் முகத்தையே பார்க்காது.

லீவில் இருப்பவரின் பாடத்தைத் தொடர்வது கேட்க நியாயமாக இருக்கும். அவர் குறிப்பு வைத்துவிட்டுப் போயிருந்தால், நமக்கும் அதே பாடமென்றால், தாராளமாகத் தொடரலாம். ஆனால் கணக்கு வாத்தியார் போய் உயிரியலை நடத்தினால், திரும்பி வருபவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். பேறுகால விடுப்பு போன்ற நீண்ட லீவில் இருப்பவருக்குப் பதிலாக வருகிறவர் நிலை வேறு. தமிழக அரசுப் பள்ளிகளில் அந்த விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம் வரை. அங்கே முழுப் பாடமும் உங்கள் பொறுப்பு, தயங்காமல் நடத்துங்கள்.

கிரவுண்ட் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கும்தான். பி.டி. சார் சம்மதித்து, நாமும் கூடவே நின்றால் சரி. அடுத்த பீரியட் ஆசிரியருக்குத்தான் வியர்த்துப்போன வகுப்பு கிடைக்கும்.

நான் நம்புவது, ஒரே பீரியடில் முடிகிற ஏதாவது ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பதை. என் பையில் சதுரங்கப் பலகை வரைந்த ஒரு சார்ட் இருந்தது. போர்டில் வரைய ஆரம்பித்தால் முதுகைத் திருப்பிய இரண்டு நிமிடத்தில் வகுப்பு கைவிட்டுப் போய்விடும், அதனால் சார்ட். “இதுல மொத்தம் எத்தனை சதுரம்?” ஒரே குரலில் “அறுபத்தி நாலு” என்பார்கள். “முழுப் பலகையும் ஒரு சதுரம்தானே?” என்று கேட்டதும் சத்தம் நின்றுவிடும். அப்புறம் இரண்டுக்கு இரண்டு சதுரங்களை எண்ண முன்பெஞ்சும் பின்பெஞ்சும் சார்ட்டைச் சுற்றிக் கூடிவிடும். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று சதுரங்களின் எண்ணிக்கையை நோட்டில் 64, 49, 36 என்று வரிசையாக எழுதிக் காட்டி, “வர்க்கமா குறையுது சார்” என்றாள். ஒன்று வரை கூட்டினால் 204. அந்த வகுப்பை அன்று ஒருமுறைகூட அதட்டவில்லை.

பத்தாம் வகுப்பென்றால் இதே கணக்கு ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்து வர்க்கங்களின் கூடுதல் சூத்திரத்தோடு பொருந்தும். ஆனால் பொங்கல் லீவு முடிந்துவிட்டால் பப்ளிக் பரீட்சை பயம் வந்துவிடும், புதிர் எடுபடாது. அப்போது புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளில் 20 கொடுத்து, தாளை மாற்றித் திருத்த வைப்பதுதான் நல்லது. கேட்ட பதிலைத் தேடிக்கொண்டு அவர்களே அமைதியாகிவிடுவார்கள்.

மணி அடித்ததும், லீவில் இருப்பவருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி மேசை டிராயரில் வைத்துவிட்டு வருவேன். பேசியவர்கள் பெயர் அதில் இருக்காது. அன்றைய சீட்டில், வர்க்கத்தைக் கண்டுபிடித்த அந்தப் பெண்ணின் பெயரை எழுதி வைத்தேன்.