காரங்காடு படகுச் சவாரி: செவ்வாய் ஒரு தரம், சனி ஒரு தரம்

நாங்கள் ராமநாதபுரத்தில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. இருவரும் வீட்டிலேயேதான் படிக்கிறார்கள். "உங்களுக்கு எல்லா நாளும் லீவுதானே" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஆனால் என் பிள்ளைகள் சனிக்கிழமைக்கு ஏங்குகிற அளவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஏங்குவார்களா தெரியவில்லை. தெருவில் விளையாட ஆள் கிடைக்கும் நாள் அதுதான். திங்கட்கிழமை காலையில் வேன் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனதும், மகன் கேட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பான்.

காரங்காடு என்கிற ஊர் தேவிபட்டினம், உப்பூர் தாண்டித் தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். கூட்டம் வேண்டாம் என்று முதலில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் போனோம். படகில் நாங்கள் நான்கு பேர் மட்டும். ஓடைக்குள் நுழைந்ததும் படகுக்கார அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தது போல வேர்கள். "இது மூச்சு விடுற வேரு பாப்பா, சேத்துக்குள்ள காத்து கெடையாதுல்ல" என்றார். அப்புறம் ஒரு வெண்கண்டல் மரத்தின் இலையைக் காட்டி, "நக்கிப் பாரு" என்றார். மகள் நக்கினாள். உப்பு! இந்த மரம், வேர் வழியாக வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயிலில் இலைமேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை நானும் விரலால் தடவிப் பார்த்தேன். கடல் பக்கம் தண்ணீருக்கடியில் கடற்புல் கிடந்தது. ஆவுளியா, அதாவது கடற்பசு, தின்னும் புல் என்றார். ஆவுளியாவைப் பார்க்கவில்லை, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பாடம் என்று பார்த்தால் அந்தச் செவ்வாய்க்கு ஈடில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் கிடைத்தது. ஆனால் திரும்பி வரும்போது மகள் சொன்னாள்: "அம்மா, இதை யார்கிட்ட சொல்றது?"

அதனால்தான் போன மாதம் சனிக்கிழமை, நாத்தனார் பிள்ளைகள் இருவரையும் எதிர்வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். கூட்டம் இருந்தது, முறை வரும்வரை காத்திருந்தோம். லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுவதற்குள் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் தூரப் போய்விட்டது. அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே மகள் வேரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டுப் பையன் நம்பவில்லை. இலையை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான் பாருங்கள், ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

பறவையும் அமைதியும் வேண்டுமென்றால் வாரநாளில், காலையிலேயே போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. ஒருமுறை வழியில் ஏதோ ஒரு கடையில் வாங்கிய நண்டுக் குழம்பு மகனுக்கு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் அவதிப்பட்டோம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உள்ளவர்கள் மட்டும், சரி, கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு சனிக்கிழமையும் போய்வாருங்கள்.

அடுத்த மாதம் மறுபடி போகிறோம், சனிக்கிழமைதான். மகன் இப்போதே தெருவில் மூன்று வீட்டில் சொல்லிவைத்துவிட்டான்.