மதுரை வெயிலுக்கு ஒரு பாக்கெட் ஜூம் கேமரா: லூமிக்ஸ் டிஇசட்95

பாக்கெட் ஜூம் கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை எக்ஸ்?", அதாவது எத்தனை மடங்கு ஜூம், என்றுதான். கடைக்காரரும் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைத்தான் காட்டுவார். என்னைக் கேட்டால், கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். நம் ஊர் வெயிலில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பித்தான் வியாபாரம் நடக்கிறது. அதனால் கேமரா எனக்குத் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரிட்டாபட்டி, சமணர் மலை, வேட்டங்குடி என்று எங்கேயாவது கிளம்பிவிடுவோம். அதற்கும் அதே கேமராதான். தோளில் தொங்கும் பெரிய கேமராவும் மாற்றி மாட்டும் லென்ஸ்களும் எனக்கு ஒத்துவராது. ஒரு கையில் சின்னவள் இருப்பாள், இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை இருக்கும். கைப்பைக்குள் அடங்குகிற, பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே லென்ஸில் எடுக்கிற கேமராதான் தேவைப்பட்டது.

தேடியதில் கடைசியாக மூன்று மிஞ்சின. கேனான் எஸ்எக்ஸ்740 எச்எஸ் 2018-இல் வந்தது. 40 எக்ஸ், அதாவது 24 முதல் 960 மி.மீ. வரை (இந்த எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியும்), எடை 299 கிராம். சோனி எச்எக்ஸ்99-உம் 2018-இல் வந்ததுதான். 30 எக்ஸ், 24 முதல் 720 மி.மீ. வரை, 242 கிராம்தான், மூன்றிலும் சின்னது. பானசோனிக் லூமிக்ஸ் டிஇசட்95 2019-இல் வந்தது. அதே 24 முதல் 720 மி.மீ., எடை 328 கிராம். அமெரிக்காவில் இதற்கு இசட்எஸ்80 என்று பெயர், ஆகவே தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். மூன்றிலும் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, ஒரே அளவு, 1/2.3 அங்குலம்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி ஊருக்கு வந்தபோது டிஇசட்95 வாங்கி வந்து கொடுத்தான். சித்தப்பா மகனிடம் கேனான் ஏற்கெனவே இருந்தது. "அக்கா, எங்கிட்ட 40 எக்ஸ் இருக்கு. 30-ல நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். சரி, வா பார்ப்போம் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு தெற்குச் சித்திரை வீதிக்குப் போனோம்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனும் கேமராவும் கொண்டுபோக அனுமதி கிடையாது. ஆகவே வீதியில் நின்று அண்ணாந்து எடுப்பதுதான் நமக்கு வாய்த்தது. தெற்குக் கோபுரம்தான் இருப்பதிலேயே உயரம், ஏறக்குறைய 170 அடி. கீழே நின்று வெறும் கண்ணால் பார்த்தால் மேல்நிலைகளில் வண்ணக் கூட்டம்தான் தெரியும். எந்தச் சுதைச் சிற்பம் யார், கையில் என்ன ஆயுதம், வாகனம் எது என்று ஒன்றும் பிடிபடாது. 70 மீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றை 720 மி.மீ.யில் பார்த்தால், படத்துக்குள் சுமார் மூன்றரை மீட்டர் அகலம் விழும். அதாவது நாலைந்து உருவங்கள் பக்கம் பக்கமாக, கண் இமை தீட்டியிருப்பது வரைக்கும். சுதையில் சாயம் உரிந்து உள்ளே வெள்ளை தெரிகிற இடம், ஒரு பூதகணத்தின் தொந்தியில் புறா உட்கார்ந்திருப்பது எல்லாம் அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை வருஷம் இதே வீதியில் நடந்திருக்கிறேன்.

சித்தப்பா மகன் கேனானோடு அந்த நேரத்தில் பட்ட பாடு வேறு. அதில் வியூஃபைண்டர் கிடையாது. பின்பக்கத் திரையில் வெயில் அடித்து வானமும் அவன் சட்டையும்தான் தெரிந்தன. 960 மி.மீ.யில் கை ஒரு நூல் அசைந்தாலும் சிற்பம் சட்டத்தை விட்டு ஓடிவிடும். திரையைப் பார்ப்பதற்காகக் கையை நீட்டிப் பிடித்தால் அசைவு இன்னும் கூடும். ஜூமைக் குறைத்து, கோபுரத்தைத் தேடிப் பிடித்து, திரும்ப ஜூம் போட்டு, மறுபடி தொலைத்து... பாவம், வியர்த்து வழிந்தான். நான் வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, முழங்கை இரண்டையும் விலாவில் ஒட்டிக்கொண்டு எடுத்தேன். நெற்றி, இரண்டு கை என்று மூன்று இடத்தில் கேமரா ஊன்றி நிற்கிறது. உள்ளே இருக்கும் அதிர்வுத் தடுப்பும் சேர்ந்து வேலை செய்வதால் 1/100 நொடியில்கூட நல்ல படம் கிடைத்தது. கை அசைவு படத்தில் தெரியாமல் இருக்க, பொதுவான கணக்குப்படி 720 மி.மீ.க்கு 1/720 நொடி வேகமாவது வேண்டும். மேகம் மூடினால் அந்த வேகம் கிடைக்காது, ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: கேனான் மோசமான கேமரா இல்லை. திரை மேல்பக்கம் முழுக்கத் திரும்பி நம் முகத்தைக் காட்டும், வீட்டுக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். நிழலில் நின்று, தூணில் சாய்ந்து எடுத்தால் அந்தக் கூடுதல் 960-உம் உதவும். ஆனால் தொடுதிரை இல்லை. தெப்பக்குளத்துக் கரையில் உச்சிவேளையில் நின்று நடுமண்டபத்தை எடுக்க நான் அதைக் கையில் எடுக்க மாட்டேன்.

சோனியில் வியூஃபைண்டர் இருக்கிறது. உள்ளிருந்து மேலே எழும்பி வரும், அழகான வேலைப்பாடு. ஆனால் அதில் 6.38 லட்சம் புள்ளிகள்தான். டிஇசட்95-இல் 23.3 லட்சம். கோபுரச் சிற்பத்தின் முகம் ஃபோகஸ் ஆகியிருக்கிறதா என்று உள்ளே பார்த்தே தெரிந்துகொள்ள இந்த வித்தியாசம் போதும். கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஇசட்95-இன் வியூஃபைண்டர் ஜன்னல் சின்னது, சுற்றிலும் ரப்பர் கிண்ணம் கிடையாது. பக்கவாட்டு வெயில் உள்ளே நுழையும். இடது கையை மடக்கி மறைத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். இவ்வளவு நல்ல வியூஃபைண்டரை வைத்தவர்கள் அதையும் சேர்த்திருக்கலாம்.

அப்புறம், ஜூம் படம் மங்கலாக வந்தால் உடனே கேமராவைக் குறை சொல்லிவிடாதீர்கள். வைகை மணலிலும் கோயில் வீதிக் கல் தளத்திலும் பத்து மணிக்கு மேல் சூடு கிளம்பினால் காற்றே நெளியும். தூரத்துப் படம் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸாக இருந்தாலும் இதற்கு மருந்தில்லை. கிழக்குக் கோபுரத்தைக் காலையில் எடுங்கள், மேற்குக் கோபுரத்தை மாலையில் எடுங்கள். வெயிலும் முகத்தில் விழும், காற்றும் அடங்கியிருக்கும். திருப்பணிக்குச் சாரம் கட்டியிருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அச்சடித்த புள்ளியைச் சுங்குடி என்று விற்பது நிற்கவில்லை. கையால் முடிச்சுப் போட்ட சேலையில், துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, அப்புறம் முடிச்சை அவிழ்ப்பார்கள். நூல் இருந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் வட்டமாக நிற்கும், நடுவில் ஒரு பொட்டுச் சாயம். எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இருக்காது. அவிழ்த்த இடத்தில் துணி லேசாக மேலே எழும்பிச் சுருங்கியிருக்கும். அச்சுச் சேலையில் அந்தச் சுருக்கம் வரவே வராது. வாங்குகிறவர் காசு கொடுப்பது அந்தச் சுருக்கத்துக்குத்தான். அதைப் படத்தில் காட்ட முடியாவிட்டால் என் விலையை நான் சொல்லவே முடியாது.

டிஇசட்95 அகலக் கோணத்தில் 3 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். ஜன்னல் ஓரம் சேலையை விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்தால் ஒவ்வொரு முடிச்சும் தன் நிழலோடு நிற்கிறது. ரொம்பவும் ஒட்டினால் லென்ஸின் நிழலே துணிமேல் விழும், ஆகவே நான் ஒரு சாண் தள்ளி நின்று கொஞ்சம்போல் ஜூம் போடுகிறேன். அதிகம் போட்டால் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது, பின்னால் போக வேண்டும்.

நிறம்தான் பெரிய சவால். அரக்குச் சிவப்பை எந்தக் கேமராவும் தானாக விட்டால் அடைத்துவிடும். சிவப்பு மட்டும் எல்லை தாண்டி, மடிப்பும் நெசவும் மறைந்து, ஒரே பட்டையாகத் தெரியும். வெளிச்ச அளவை மைனஸ் 2/3-க்கு இறக்கினால் நெசவு திரும்பி வந்துவிடும். டியூப் லைட்டில் எடுப்பதாக இருந்தால் அருகில் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்து, அதைக் காட்டி வெள்ளைச் சமன் பதிவு செய்துகொள்கிறேன், அதாவது இந்த வெளிச்சத்தில் வெள்ளை எது என்று கேமராவுக்குச் சொல்லிவிடுகிறேன். மயில்கழுத்துப் பச்சை நீலமாகப் போய், "படத்துல ஒண்ணு, கையில ஒண்ணா இருக்கே அக்கா" என்று கேட்பது இதனால் வெகுவாகக் குறைந்தது. போனிலும் படம் வரும், மறுக்கவில்லை. ஆனால் போன் தானாகவே நிறத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. வியாபாரத்துக்கு அது ஆகாது.

சரி, இந்தக் கேமரா கைவிடும் இடம் எது? இருட்டு. சித்ரா பௌர்ணமி அன்று விடியும் முன்னால், கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும் நேரத்தில் இதை நம்பிப் போகாதீர்கள். அகலக் கோணத்தில் லென்ஸ் எஃப் 3.3 (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்). நல்ல போன்களில் எஃப் 1.8 வருகிறது, அதாவது மூன்று மடங்குக்கும் மேல் வெளிச்சம். இதில் முழு ஜூம் போட்டால் எஃப் 6.4 ஆகி, இருந்த வெளிச்சமும் கால்வாசியாகிவிடும். இருட்டை ஈடுகட்டக் கேமரா கூட்டும் ஐஎஸ்ஓ அளவு 1600-க்கு மேல் ஏறியதும் அழகரின் திருமுகம் மணல் தூவியதுபோல் ஆகிவிடுகிறது. விளக்கு வெளிச்சத்துத் திருவிழாவுக்குப் போன்தான். திருமலை நாயக்கர் மஹாலில் பகலில் பிரச்சினை இல்லை. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, 24 மி.மீ. அகலம் அந்தத் தூண்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இருட்டும் வேண்டும் என்பவர்கள் ஒரு அங்குலச் சென்சாருக்குப் போக வேண்டும். பரப்பளவில் அது இந்தச் சென்சாரைப்போல் நான்கு மடங்கு. பானசோனிக்கின் டிஇசட்200 அப்படிப்பட்டது, 24 முதல் 360 மி.மீ. வரை, வியூஃபைண்டரும் உண்டு. ஆனால் அதுவும் எஃப் 3.3-இல்தான் தொடங்குகிறது. சோனி ஆர்எக்ஸ்100-இன் ஏழாம் பதிப்பு எஃப் 2.8-இல் தொடங்கும், ஃபோகஸ் மின்னல் வேகம். ஆனால் 200 மி.மீ.யோடு நின்றுவிடும், விலையோ எங்கள் மாதிரி வீடுகளுக்கு எட்டாது. 200-ஐ வைத்துக்கொண்டு கோபுரத்து ஏழாம் நிலையை என்ன செய்வது?

பறவைகளுக்கும் 720 வேண்டியிருக்கிறது. மதுரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது வேட்டங்குடி. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர் கண்மாய்க் கரையில் நின்று கருவேல மரத்தில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரையை எடுத்தேன். அலகு இரண்டும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருப்பது தெளிவாக விழுந்தது. பிள்ளைகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நத்தையை எப்படித் திறக்கும் என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். உட்கார்ந்த பறவை சரி. அரிட்டாபட்டிப் பாறையில் சுற்றும் லகார் வல்லூறு பறந்துகொண்டிருந்தால் ஃபோகஸ் பின்தங்கிவிடுகிறது. 4கே போட்டோ என்று ஒரு வசதி இருக்கிறது, நொடிக்கு 30 படம் எடுத்துவைத்து நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம். கிடைப்பது 8 மெகாபிக்சல் படம்தான், ஆனால் வாட்ஸ்அப்புக்கும் சின்ன அச்சுக்கும் தாராளம். ஜல்லிக்கட்டுக் காளைக்கும் இதே வழிதான்.

மெனுவில் ஐ.ஜூம் என்று ஒன்று 60 எக்ஸ் வரை காட்டும். லென்ஸ் செய்யும் வேலை இல்லை அது, படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள். கேனானின் 80 எக்ஸ் ஜூம்பிளஸும் அதே கதைதான்.

2025-இல் இதற்கு அடுத்ததாக டிஇசட்99 வந்திருக்கிறது. யுஎஸ்பி-சி கொடுத்தார்கள், நல்லது. டிஇசட்95-க்குப் பழைய மைக்ரோ யுஎஸ்பி வயரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் வியூஃபைண்டரை எடுத்துவிட்டார்கள். மேகமூட்டமான ஊரில் இருப்பவர்கள் அதை வாங்கட்டும். மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் பழைய டிஇசட்95-ஐத்தான் சொல்வேன், செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் பகலில் போய், கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். லென்ஸை முழுக்க நீட்டி, உள்ளே இழுத்து, மோட்டார் சத்தத்தைக் கேளுங்கள். கரகரவென்றால் மணல் புகுந்திருக்கிறது. நீண்டு சுருங்கும் லென்ஸ் எல்லாமே காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும், சென்சாரில் படிந்த தூசியை நாம் வீட்டில் துடைக்க முடியாது. அதனால் முழு ஜூமில், எஃப் 8 வைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வட்டப் பொட்டுகள் தெரிந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இங்கே வாரண்டி செல்லுமா என்று கேளுங்கள். பேட்டரியின் பெயர் டிஎம்டபிள்யூ-பிஎல்ஜி10. ஒரு சார்ஜுக்கு 380 படம் என்பது கம்பெனி கணக்கு, வியூஃபைண்டரையே பார்த்து எடுத்தால் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். உபரியாக ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.