2015 டிசம்பர் பிரிட்டன்: ஒத்த வானிலை ஸ்டேஷன் ரெக்கார்டு பாக்குறதா, நாட்டு சராசரி பாக்குறதா?

புயல் மாசத்தோட கணக்க எடுத்தா ரெண்டு நம்பர் வந்து நிக்குது, ஒண்ணு ஒரே ஒரு வானிலை ஸ்டேஷன்ல பதிவான உச்சம், இன்னொண்ணு நாடு முழுக்க சேத்த சராசரி, எதை நம்புறதுன்னு நிறைய பேர் குழம்புறாங்க. டெஸ்மண்ட், ஈவா, ஃப்ராங்க்னு மூணு புயல் வந்த அந்த மாசத்தையே வச்சு பாப்போம்.

எவ்ளோ பெருசு?
ஸ்டேஷன்: வடமேற்கு இங்கிலாந்துல கம்ப்ரியா மலைல இருக்குற ஹானிஸ்டர் பாஸ்ங்கிற கணவாய்ல 24 மணி நேரத்துல 341.4 மிமீ. பக்கத்துல தேர்ல்மியர்ல ரெண்டே நாள்ல 405 மிமீ, நினைச்சாலே பகீர்னு இருக்கு.
சராசரி: 1910-லருந்து வச்சிருந்த கணக்குல நாட்டுக்கே அதிக மழை பெஞ்ச மாசம்.

எதை மறைக்குது?
ஸ்டேஷன்: அது மலை, அட்லாண்டிக் ஈரக்காத்து மேல ஏறி குளிர்ந்து அங்கயே கொட்டும், லண்டன்காரங்களுக்கு அந்த நம்பர் பொருந்தாது.
சராசரி: கம்ப்ரியா மூழ்குனதையும் தென்கிழக்குல பெருசா ஒண்ணும் ஆகாததையும் ஒண்ணா கலந்துடும், வீடு போனவங்க அந்த நம்பர்ல தெரியவே மாட்டாங்க, எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது.

பழசோட ஒப்பிட?
ஸ்டேஷன்: கருவி, இடம் மாறுனா கஷ்டம்.
சராசரி: ஈஸி. மழைய விட்டு வெப்பநிலைய எடுத்தா, மத்திய இங்கிலாந்தோட சராசரி வெப்பநிலை வரிசை 1659-லருந்து இருக்கு, அதுல இந்த டிசம்பர் 9.7 டிகிரி, அதுக்கு முன்னாடி எந்த டிசம்பரும் அவ்ளோ சூடா இல்ல.

பாலம், வடிகால், வெள்ளத்தடுப்பு கட்டுறவங்க ஸ்டேஷன் ரெக்கார்டையே பாக்கணும். காலநிலை மாறுதான்னு கேக்குறவங்களுக்கு சராசரிதான், ஒத்த ராத்திரி மழைய வச்சு அதுக்கு பதில் சொல்ல முடியாது.