காசிமேட்டு போட் எலக்ட்ரீஷியன் கையில் எங்கள் வேன்

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின்பக்கம் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, 12 வோல்ட் ஃபிரிட்ஜ், கரன்ட் குறைவாக இழுக்கிற ஒரு பிஎல்டிசி ஃபேன் எல்லாம் போட்டு, குடும்பத்தோடு கிளம்பினால் லாட்ஜ் தேடாமல் வேனிலேயே தூங்குகிற மாதிரி வைத்திருக்கிறோம். கூரையில் இரண்டு 100 வாட் சோலார் பேனல். நான் எழுத வந்தது அந்தப் பேனல்களை இரண்டாவது முறையாக மாட்டிக் கொடுத்தவரைப் பற்றி. கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கல்மண்டபம் பக்கமாக வரும் வழியில் ஒரு ஷட்டர், உள்ளே டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் குவியலாகக் கிடக்கும், வாசலில் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு பெஞ்ச். விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். வேன் வேலை அவருக்கு எப்போதாவது வருவதுதான்.

இரண்டாவது முறை ஏன் என்றால், முதல் முறை ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். பேனல், பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர், 100 ஏஎச் டியூபுலர் பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து ஒரே ரேட், அரை நாளில் முடித்துக் கொடுத்தார்கள், விளக்கு எரிந்தது, நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். மூன்று மாதம் ஓடியது. அப்புறம் இரவு இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் நிற்க ஆரம்பித்தது, அடுத்து ஒரு மணிக்கு, அடுத்து பதினொன்றுக்கே. வருஷம் திரும்புவதற்குள் பேட்டரி காலி. கடையில் கேட்டால் பேட்டரி கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். விசித்திரம் என்னவென்றால், காலை ஒன்பது மணிக்கு நன்றாகச் சார்ஜ் ஏறும், மண்டையைப் பிளக்கிற மத்தியான வெயிலில் ஏறவே ஏறாது.

கடலுக்குப் போகிற சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் இந்த அண்ணனிடம் போனேன். போனது மே முதல் வாரம். அங்கேயே முதல் பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளில்தான் எல்லாப் படகும் கரையேறி ரிப்பேர் பார்க்கும், அவருக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. "லாஞ்சு எல்லாம் தண்ணில எறங்கட்டும் தம்பி, அப்பால வா" என்று அனுப்பிவிட்டார். ஆனால் அனுப்பும் முன்னால் ஐந்து நிமிஷம் வண்டியில் ஏறிப் பார்த்தார், அந்த ஐந்து நிமிஷத்துக்கே நான் காசு கொடுத்திருப்பேன்.

மணி பன்னிரண்டரை, நல்ல வெயில். மல்டிமீட்டரை எடுத்து மேலே பேனல் முனையில் வைத்தார், 15.6 வோல்ட். கீழே கன்ட்ரோலர் முனையில் வைத்தார், 13.9. இரண்டும் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தது, அதுதான் முக்கியம், ஓடாதபோது அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே நம்பர் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். நடுவில் 1.7 வோல்ட்டை ஒயரே தின்றுவிட்டது. பேனலிலிருந்து பேட்டரிப் பெட்டி வரை ஆறு மீட்டர், போக வர பன்னிரண்டு மீட்டர், போட்டிருந்தது 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், அதிலும் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு.

மத்தியானம் ஏறாததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. 12 வோல்ட் பேனல் என்று விற்பது உண்மையில் 18 வோல்ட் சுமாருக்கு வேலை செய்வது, ஆனால் அந்தக் கணக்கு பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது. நம்ம ஊர் வெயிலில் தகரக் கூரைமேல் ஒட்டி வைத்த பேனல் 65 டிகிரிக்குப் போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் வோல்ட்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 15 சொச்சத்துக்கு வந்துவிடும். டியூபுலர் பேட்டரி முழுசாக நிரம்ப 14.4 வேண்டும். 15 சொச்சத்தில் ஒயர் 1.7 எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன? பேட்டரி ஒரு நாள்கூட வயிறு நிறையச் சாப்பிடவில்லை, அரைப்பட்டினியிலேயே உள்ளே தகடுகளில் சல்ஃபேட் உப்பு படிந்து செத்துப்போனது. "எல்லாரும் பேனல் இன்னா வெலன்னு கேக்குறான், ஒயர் இன்னா சைஸுன்னு ஒருத்தன் கேக்க மாட்றான்" என்றார் அண்ணன்.

கன்ட்ரோலரைக் கழற்றி என் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொன்னார். மேலே எம்பிபிடி என்று பெரிதாக அச்சடித்திருந்தது, சோப்பு டப்பா எடைதான் இருந்தது. நிஜ எம்பிபிடிக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும், கையில் கனக்கும், பேனலின் அதிக வோல்ட்டேஜை இறக்கி ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். என்னுடையது சும்மா திறந்து மூடுகிற பிடபிள்யூஎம் தான். இந்தப் போலி லேபிள் விஷயம் தெரியாமல் நிறைய பேர் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன், விடுங்கள்.

ஜூலையில்தான் வேலை ஆரம்பித்தது. இரண்டு நாள் என்று சொன்னார், நான்கு நாள் ஆனது. ஒரு நாள் முழுக்க வேன் வெயிலில் நிற்க அவர் ஏதோ ஒரு லாஞ்சின் செல்ஃப் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார், போனும் எடுக்கவில்லை. இது பிடிக்காதவர்கள் அங்கே போகாதீர்கள்.

ஆனால் வேலை! படகில் பழகிய கை என்பதால் உப்புக் காற்றை ஒரு எதிரி மாதிரி நடத்துகிறார். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்தான் போடுவேன் என்றார், வெட்டிப் பார்த்தால் செம்பு நிறமே தெரியாது, வெள்ளியாக மின்னும், களிம்பு சீக்கிரம் ஏறாது. நல்ல சோலார் ஒயர் எல்லாமே அப்படித்தான் வரும் என்பதால் தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு இடத்தில்கூட முறுக்கல் கிடையாது, எல்லா முனையும் கிரிம்ப் அடித்து, அதாவது உலோக முனையை ஒயரோடு இறுக்கி அமுக்கி, மேலே சூடு காட்டினால் சுருங்குகிற ட்யூப், பேனல் பக்கம் சோலாருக்கென்றே வருகிற எம்சி4 கனெக்டர். பேனல்கள் இரண்டையும் சீரியஸில், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் போட்டார். இதில் நான் வாதாடினேன், பழைய கடை பேரலலில், ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துப் போட்டிருந்தது. அவர் கணக்கு எளிது: சீரியஸ் என்றால் 36 வோல்ட், ஆம்பியர் பாதி, ஆம்பியர் பாதியானால் ஒயரில் போகிற நட்டம் கால்பங்கு, 4 ஸ்கொயர் ஒயரே தாராளம். வேலை முடிந்து நானே அளந்தேன், இழப்பு 0.3 வோல்ட், அதுவும் 36-ல். ஆனால் நிஜ எம்பிபிடி இருந்தால்தான் இது பலிக்கும். மரத்தடியில் நிறுத்தி ஒரு பேனலில் மட்டும் நிழல் விழுந்தால் வரவு பாதிக்குக் கீழே போகிறது, அது உண்மை, நான் வண்டியை ஒரு அடி முன்னே நகர்த்திப் பழகிவிட்டேன்.

பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு இன்ச் இடைவெளி விட்டு அலுமினிய ஆங்கிளில் ஏற்றியிருக்கிறார், காற்று அடியில் ஓடி சூடு குறைய. ஸ்டீல் போல்ட் அலுமினியத்தை நேராகத் தொட்டால் உப்பில் அரித்துவிடும் என்று நடுவில் நைலான் வாஷர். சென்னைக்குப் பேனல் கிட்டத்தட்ட படுத்தே இருக்கலாம், நாம் இருப்பது 13 டிகிரியில்தான், ஆனாலும் மழைத் தண்ணீர் வடிய ஒரு பக்கம் லேசாகத் தூக்கி வைத்தார். பேட்டரிக்கு அரை அடிக்குள் ஃப்யூஸ். பழைய கடை போட்டிருந்த வீட்டு எம்சிபியை, அதாவது கரன்ட் அதிகமானால் தானே விழுகிற சுவிட்சை, பிடுங்கி எறிந்துவிட்டு டிசி எம்சிபி. வீட்டு ஏசி கரன்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்துக்கு வந்து போவதால் சுவிட்ச் விழும்போது வருகிற பொறி தானே அணையும், பேட்டரி, பேனலின் டிசியில் அணையாமல் நின்று எரியும், வண்டிக்குள் அது விளையாட்டில்லை. பேட்டரியை முதலில் மாட்டு, பேனலைப் பிறகு மாட்டு, கழற்றும்போது தலைகீழ், இதை மூன்று தடவை என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார்.

பேட்டரியும் கன்ட்ரோலரும் நானே ரிச்சி தெருவில் வாங்கினேன், பேட்டரி 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், கன்ட்ரோலர் நிஜ எம்பிபிடி. நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் அண்ணன் பில் தரமாட்டார், வாரன்டி என்ற பேச்சே கிடையாது. கூலி 7000, ஒயரும் சாமான்களும் 4200. முதல் கடையைவிடக் கூலி அதிகம்தான்.

குறை ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழையில், கூரையில் ஒயர் நுழைகிற இடத்தில் சொட்டு விழுந்தது. சீலன்ட் ஒரு பக்கம் மெலிசாகப் போட்டிருக்கிறார். போன் செய்தேன், வழக்கம்போல எடுக்கவில்லை, நேரில் போனதும் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு ஏறினார், மறுபடி அடைத்து, ஒயரைக் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டு வளைத்தார், தண்ணீர் வழிந்து அங்கேயே சொட்டிவிடுமாம். காசு வாங்கவில்லை. முதலிலேயே செய்திருக்கலாமே அண்ணே என்றேன், சிரித்தார்.

இன்னொன்று, அவர் தப்பில்லை. நாங்கள் திருவொற்றியூர். சாம்பலும் லாரிப் புழுதியும் உப்புப் பனியோடு சேர்ந்து பேனல்மேல் பசை மாதிரி படிகிறது, வாரம் ஒரு முறை விடியற்காலையில் வெறும் தண்ணீர் விட்டுத் துடைக்கிறேன். சூடான கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இப்போது வெயில் நாளில் 700, 750 வாட் அவர் வரை வருகிறது, ஃபிரிட்ஜும் ஃபேனும் விடிய விடிய ஓடுகிறது. போவதானால் தடைக்காலம் தவிர்த்து, காலை எட்டு மணிக்குள் போங்கள், சாமான்களை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். ஒயரிங் படம் ஒன்று கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒரு ஃபேன் பெல்ட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் வரைந்து கொடுத்தார், பேட்டரிப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.