டிவிடி பெட்டியில் எட்டு வருடம்: நடுவில் இருக்கும் அந்தக் குமிழைப் பற்றி

கும்பகோணத்துத் தோழி நேற்று இரவு கேட்டாள். "அக்கா, ஒல்லி டிவிடி பெட்டி ஐம்பது, பாதி விலைக்குப் போட்டிருக்கான். ஸ்டாம்பு வைக்க வாங்கிடட்டுமா? நீங்களும் அதுலதானே வச்சிருக்கீங்க?"

ஆமாம், அதில்தான் வைத்திருக்கிறேன், 2017-லிருந்து. தபால் ஸ்டாம்பு அல்ல, வாழ்த்து அட்டை செய்ய மை தொட்டு அடிக்கும் உருவ ஸ்டாம்பு. வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். அவள் கேட்ட நேரம்தான் சரியில்லை. அதற்கு அரை மணி நேரம் முன்னால், மார்கழி அட்டைக்காக 52-ஆம் பெட்டியைத் திறந்து பூசணிப்பூவை எடுத்து மை தொட்டு அடித்திருந்தேன். பூவின் நடுவில் வட்டமாக, பல் பல்லாக, மை ஏறாத வெள்ளைப் புள்ளிகள். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. பூசணிப்பூவுக்குக் கோலம் பொருத்தம்தானே என்றார் வீட்டுக்காரர். அவரோடு அன்றைக்குப் பேச்சு அத்தோடு முடிந்தது.

டிவிடி பெட்டியைத் தெரியாதவர் இருக்க முடியாது. வலப்பக்கம் நடுவில் தட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு குமிழ் இருக்குமே, சுற்றிலும் பல் வெட்டிய குமிழ், அதுதான் குற்றவாளி. சினிமாத் தட்டுக்கு அது வேண்டும். என் வீட்டில் எட்டு வருடமாக ஒரு தட்டைக்கூட அது பிடித்ததில்லை. வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவன் போகிற வருகிறவர்களைக் கடிப்பதுபோல என் ஸ்டாம்புகளைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

நியாயமாகவே பேசுவோம். பெட்டி நல்ல பெட்டி.

இந்தப் பெட்டிகளுக்கு முன்னால் பாலிமர் ஸ்டாம்புகளை, அதாவது அக்ரிலிக் கட்டையில் ஒட்டி அடிக்கும், கண்ணாடிபோல் தெரியும் பிடியில்லாத ஸ்டாம்புகளை, பள்ளிப் பிள்ளைகள் சான்றிதழ் வைக்கும் மெத்தென்ற ஃபைல் உறைகளில் செருகி வைத்திருந்தேன். முதல் சித்திரையிலேயே வினை வந்தது. உறையும் ஸ்டாம்பும் ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன. குத்துவிளக்கைப் பிரித்தெடுத்தபோது அதன் உச்சி அன்னம் உறையிலேயே தங்கிவிட்டது. பிவிசி உறையை வளையும்படி செய்ய ஒரு மென்மையாக்கி சேர்ப்பார்கள். அது மெல்லக் கசிந்து பக்கத்தில் இருக்கும் பாலிமருக்குள் இறங்கிவிடும். இரண்டும் பிசுபிசுத்துப் போகும். டிவிடி பெட்டி பாலிபுரொப்பிலீன். அதில் அந்தச் சரக்கு கிடையாது. எட்டுக் கோடை பார்த்துவிட்டேன், பெட்டியோடு ஒட்டிக்கொண்ட ஸ்டாம்பு ஒன்றுகூட இல்லை. கறுப்புப் பெட்டி வெளிச்சத்தையும் உள்ளே விடாது. பாலிமருக்கு வெயில் ஆகாது. திண்ணையில் ஒரு வாரம் மறந்து வைத்த ஒரு செட் பழுத்த வெற்றிலை நிறத்துக்கு வந்து, வளைத்ததும் விரிசல் விட்டது.

முதலில் வாங்கியவை தடிப் பெட்டிகள், 14 மில்லிமீட்டர் கனம். கடைவீதியில் சிடி வாடகைக்கு விட்டவர் கடையை மூடும்போது, ஒன்று இரண்டு ரூபாய் என்று 47 பெட்டிகளை ஒரு கோணிப்பையில் போட்டுத் தந்தார். படங்களின் அட்டையை உருவிவிட்டு, அந்தக் கண்ணாடி உறைக்குள் என் அட்டையைச் செருகினேன். முதுகில் எண். அலமாரியில் புத்தகம்போல் நிற்கும்.

உள்ளே வைக்கும் முறையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அளவாக ஓர் அட்டை வெட்டி, அந்தப் பெட்டிக்குரிய ஸ்டாம்பு எல்லாவற்றையும் முதலில் அதன்மேல் அடித்துவிடுவேன். மேலே ஓஹெச்பி ஷீட், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள். ஷீட்டின்மேல், அடித்த உருவத்துக்கு நேராக அந்தந்த ஸ்டாம்பை ஒட்டி வைப்பேன். கண்ணாடி மாதிரியான பாலிமரை வெறும் ஷீட்டில் தேடினால் கண்ணுக்கே படாது. கீழே உருவம் இருந்தால் உடனே தெரியும். வேலை முடிந்து திரும்ப வைக்கும்போது எந்த உருவம் மூடாமல் கிடக்கிறதோ, அந்த ஸ்டாம்பு இன்னும் மேசையிலோ, அக்ரிலிக் கட்டையிலோ, குப்பைக் கூடையிலோ இருக்கிறது. கூடையிலிருந்து மட்டும் மூன்று முறை மீட்டிருக்கிறேன். எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான். இதற்காகவே இந்தப் பெட்டிகளுக்குக் கோயில் கட்டலாம்.

அதன் கருவறையில்தான் அந்தக் குமிழ் உட்கார்ந்திருக்கிறது.

தடிப் பெட்டியில் அது பெரிய தொந்தரவு இல்லை. இடப்பக்கம் மட்டமாக இருக்கும், ஸ்டாம்பு அங்கேதான். மூடினாலும் குமிழுக்கும் ஸ்டாம்புக்கும் நடுவே மூச்சுவிட இடம் உண்டு. 2020-இல், இடம் மிச்சமாகுமே என்று 7 மில்லிமீட்டர் ஒல்லிப் பெட்டி 24 வாங்கினேன். அது என் புத்தி. மூடியதும் குமிழ் நேரே எதிர்ப்பக்கத்து ஸ்டாம்பின் நெஞ்சில் ஏறி உட்காரும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. நம் ஊர்ப் பங்குனி, சித்திரைச் சூட்டில் பாலிமர் இளகும். இரண்டு மாதம் அப்படியே அழுத்திக் கிடந்தால் பல் பதிந்துவிடும். வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் எழும்பிவரும், முழுக்க வராது.

குமிழைப் பிடுங்கவும் பார்த்தேன். இடுக்கியால் திருகினால் உடைகிறது, அடியில் கூரான பிசிறு மிஞ்சுகிறது. அது குமிழைவிட மோசம். வீட்டுக்காரர் பற்றவைக்கும் கோலைச் சுடவைத்து ஒன்றை அறுத்துக் கொடுத்தார். கூடமெல்லாம் நாற்றம். குமிழ் போன இடத்தில் ஓட்டை விழுந்து, அந்த வழியாக எறும்பு வந்தது. எறும்புக்கு என் ஸ்டாம்பில் என்ன வேலை என்று கேட்கக்கூடாது, வருகிறது. கடைசியில் ஒல்லிப் பெட்டிகளில் நடுவை மட்டும் காலியாக விட்டு ஓரங்களில் அடுக்கினேன். பெட்டிக்கு ஏழு வைத்த இடத்தில் நான்கு. இடம் மிச்சமாக வாங்கியது இடத்தைத் தின்றது. பூசணிப்பூ எப்படி நடுவுக்குப் போனது என்றால், நான்தான் வைத்திருக்கிறேன். யாரைத் திட்ட?

நடுவில் வைத்தும் தப்பித்தது ஒன்றே ஒன்று, வளைகாப்பு அட்டைக்கு வாங்கிய வளையல். குமிழ் அதன் ஓட்டைக்குள் பாந்தமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

இனி 2022. சீர்காழிக்காரர்களுக்கு வருடத்தைச் சொன்னாலே போதும். நவம்பர் 11, 12-இல், 24 மணி நேரத்தில் 44 செ.மீ. மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர், வீட்டுக்குள் அதில் பாதி. அலமாரியின் கீழ்த்தட்டு முழுகியது. விடிந்து பார்த்தால் கூடத்தில் பெட்டிகள் மிதக்கின்றன. பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசு, உள்ளே காற்றும் இருந்தது. பிரளயத்தில் தோணியாக மிதந்ததால் இந்த ஊருக்குத் தோணிபுரம் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றியது என் வீட்டில் டிவிடி பெட்டிதான். தண்ணீர் உள்ளே போகாமல் இல்லை. ஆனால் பாலிமருக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே அல்ல. பாத்திரம் துலக்கும் சோப்பைக் கொஞ்சம் விட்டு அலசி, நிழலில் உலர்த்தியதும் முன்னைவிட நன்றாக ஒட்டியது.

மரப்பிடி போட்டவைதான் பாவம். அவை 94, பெட்டியில் அடங்காது, இழுப்பறையில் இருந்தன. மரம் ஊதி, ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் ஸ்பாஞ்ச் பிரிந்து, உருவம் ஒரு பக்கம் கட்டை ஒரு பக்கம். கட்டையின் தலையில் ஒட்டியிருந்த படச்சீட்டும் கரைந்ததால் எந்த ரப்பர் எந்தக் கட்டைக்கு என்று சேர்ப்பதற்கே ஒரு மாதம் ஆனது. வெட்டிய ஓரத்தை வைத்துத்தான் ஜோடி கண்டுபிடித்தேன். திரும்ப ஒட்டியதில் இரண்டு தலைகீழ். ஒன்று யானை.

எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல், நோட்டு. ஐந்து வருடமாக ஒவ்வொரு ஸ்டாம்பையும் அடித்து எண் போட்டு வைத்திருந்த நீள நோட்டு. வீட்டில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று தாலுகா ஆபீசில் அடிக்கும் ஊதா மையிலேயே அடித்திருந்தேன். வீட்டுக்காரர் அங்கேதான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நாள் முழுக்கச் சீல் அடித்துவிட்டு வந்தால் வீட்டிலும் சீலா என்று கேட்டவர். அது தண்ணீரில் கரையும் மை. நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே கத்தரிப்பூ நிறம். பேடில் மை தீர்ந்த ஒரு வாரம், தண்ணீருக்குக் கலையாத கறுப்பு மையில் ஒன்பது பக்கம் அடித்திருந்தேன். அந்த ஒன்பது மட்டும் நேற்று அடித்ததுபோல் நின்றன. பட்டியல் போடுகிறவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்: மை கலையாததாக இருக்கட்டும். அந்த மை பாலிமரில் கறை வைக்கும். வைத்துவிட்டுப் போகட்டும், கறை பட்ட ஸ்டாம்புதான் சுலபமாகக் கண்ணில் படும். கறையைப் போக்குகிறேன் என்று காரமான திரவம் போட்டுத் தேய்த்துப் பாலிமரைக் கெடுக்காதீர்கள்.

இரண்டாவது நோட்டைத் தொடங்கும்போது பழைய தப்பைத் திருத்திக்கொண்டேன். முதல் நோட்டு வகைவாரியாக இருந்தது. கல்யாணம், பொங்கல், கோயில், செடிகொடி, பிறந்தநாள். கேட்க நன்றாக இருக்கும். நாதஸ்வரம் கல்யாணத்திலா, கோயிலிலா? தாமரை செடியா, கொலுவா? இந்த ஊருக்கே கழுமலம், புகலி, வெங்குரு, சண்பை என்று பன்னிரண்டு பெயர். ஒரு பொருளுக்கு ஒரே இடம்தான் என்று சொல்ல சீர்காழிக்காரிக்கு மனசு வருமா?

இதற்கு வழி சொன்னவரும் ஊர்க்காரர்தான். எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனில் படிக்கப் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்திருக்கிறார். அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, நடுவில் முக்காற்புள்ளி (:) வைத்துச் சேர்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. நூலகப் புத்தகங்களை வகைப்படுத்த 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையின் விதை அதுதான். கோலன் என்றால் முக்காற்புள்ளி. நான் அதைப் படித்துக் கரை கண்டவள் அல்ல, முக்காற்புள்ளியை மட்டும் கடன் வாங்கினேன். வந்த வரிசையில் ஒரு எண், அது என்றைக்கும் மாறாது. பக்கத்தில் உரு, சந்தர்ப்பம், அளவு. 233, வளையல்:வளைகாப்பு:5. 407, நாதஸ்வரம்:கல்யாணம்:7, கூடவே நாதஸ்வரம்:கோயில்:7. ஸ்டாம்பு ஓரிடத்தில் இருக்கும், பெயர் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். இதையே எக்செல்லிலும் ஏற்றி, பக்கங்களைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். இன்னொரு நவம்பர் வந்தால் சென்னையில் ஒரு பிரதி இருக்கும்.

பட்டியலில் 41, 42 எண் ஸ்டாம்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ் வாசகம் உள்ள ஸ்டாம்பு செட்டாக வாங்க எனக்குக் கிடைத்ததில்லை. வந்ததெல்லாம் பனிமனிதனும் ஊசியிலை மரமும்தான். ஆகவே கடைவீதியில் சீல் செய்பவரிடம் 'இனிய பொங்கல் நல்வாழ்த்துக்கள்' செய்து வாங்கினேன். அந்த அட்டை போன ஒரு தமிழாசிரியர் வீட்டிலிருந்து, க் வராது என்று சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பி வந்தது. க் இல்லாமல் இன்னொன்று செய்தேன். இப்போது யாருக்கு எந்த அட்டை என்று பார்த்து அடிக்கிறேன். பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. ஒருவருக்கும் கோபம் வேண்டாம்.

இன்றைய கணக்கு: ஸ்டாம்பு 612. மரப்பிடி போக 518, பெட்டி 71. எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவேன். வெயில், வெள்ளம் இரண்டிலும் தாக்குப்பிடித்த பெட்டி. விலை கொள்ளை மலிவு. இவ்வளவையும் தோழிக்கு எழுதிவிட்டுக் கடைசியில் "வாங்காதே" என்று முடித்தேன்.

"என்னக்கா, இவ்வளவு நேரம் நல்லாத்தானே சொல்லிக்கிட்டு வந்தீங்க?"

நல்லதைத்தான் சொன்னேன். மேசையில் பூசணிப்பூ கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே வாங்கு என்று சொல்ல வரவில்லை. ஒருவேளை நாளைக்குக் கேட்டிருந்தால் வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன். தடிப் பெட்டி கிடைத்தால் வாங்கு, குமிழ் இல்லாத பெட்டி கண்ணில் பட்டால் எனக்கும் சேர்த்து வாங்கு என்றேன். அந்தப் பாதி விலை ஐம்பதையும் விட்டுவிடச் சொன்னேன். ஒல்லிதான் வேண்டும் என்றால் என்னிடம் 24 இருக்கிறது, காசு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள். வரும்போது இடுக்கி மட்டும் நீ கொண்டுவந்துவிடு, எங்கள் வீட்டு இடுக்கியின் வாய் அந்தக் குமிழைத் திருகித் திருகியே மழுங்கிவிட்டது.